கருப்பு வெள்ளையில் ஒரு திறப்பு விழா

எனக்குப் போர்டு பைத்தியம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் இறங்க வேண்டிய இடம் மறந்துபோகும். கிழக்கே கோட்டையில் ஏறிக் கரமனைக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, ஒரு பல் ஆஸ்பத்திரியின் போர்டை நினைத்துக்கொண்டே பாப்பனங்கோடு வரைக்கும் போய் இறங்கியவள் நான். அந்தப் போர்டில் ஒரு பல், கையும் காலும் முளைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தது. பல் சிரிக்க வேண்டுமென்றால் அதற்கு வாய் வேண்டும், வாய்க்குள் பல் வேண்டும். வரைந்தவன் தயங்கவே இல்லை. பெரிய பல்லுக்குள் சின்னப் பற்களை வரிசையாக அடுக்கிவிட்டான். அந்தச் சின்னப் பற்களில் ஒன்று சொத்தையானால் பெரிய பல் எந்த டாக்டரிடம் போகும் என்று யோசித்ததில்தான் இறங்குமிடம் போனது.

கோழிக்கடை போர்டு அதற்கும் மேலே. கோழி சமையல்காரத் தொப்பி போட்டுக்கொண்டு, இறக்கை நுனியில் எங்கிருந்தோ ஒரு கட்டைவிரலை வரவழைத்து உயர்த்திக் காட்டி, வாங்க வாங்க என்று கூப்பிடுகிறது. தன்னைத் தின்ன வருபவனை இவ்வளவு உபசாரமாக வரவேற்கிற பிராணியை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாங்கள் கோழி தின்னாத வீட்டுக்காரர்கள். ஆனாலும் அந்தக் கோழியின் முகத்தைப் பார்ப்பதற்காகவே காய்கறி வாங்க அந்தச் சந்து வழியாகப் போவேன்.

பிறகு இந்த ஃப்ளெக்ஸ்கள். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பெண்ணுக்கு வாழ்த்து என்று முச்சந்தியில் ஒன்று கட்டியிருந்தார்கள். வார்டுத் தலைவர் ஆளுயரத்துக்கு நடந்து வருகிறார். அவருக்குப் பின்னால் அவருடைய தலைவர், அந்தத் தலைவருக்குப் பின்னால் இன்னும் பெரிய தலைவர், மேலே மேகத்துக்குள் காலமான தலைவர். இத்தனை பேரும் போக மிச்சமிருந்த மூலையில், தபால்தலை அளவுக்கு அந்தப் பெண். பரீட்சையை அவள் எழுதினாளா, இவர்கள் எல்லோரும் கூடி எழுதினார்களா என்று ஒரு சந்தேகம் யாருக்கும் வரும்.

மட்டம் தட்ட மட்டும்தான் இவளுக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். விழிஞ்ஞத்தில் படகுகளின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற பெயர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பில் நிழல், நிழலுக்கு வெள்ளையில் ஒரு கோடு. தூரத்தில் வரும்போதே யார் வீட்டுப் படகு என்று கரையில் நிற்பவளுக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதிய எழுத்து அது. தம்பானூரில் லாட்டரி விற்பவர் சைக்கிளில் சீட்டுகளைக் கிளிப் போட்டு அடுக்கியிருக்கிற அழகைப் பார்த்து நான் நின்றுவிடுவேன். அவர் நான் வாங்கப்போகிறேன் என்று நினைப்பார், பாவம்.

பிடித்த லேபிள்களைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பது என் வழக்கம். தீப்பெட்டி, பெருங்காய டப்பா, ஊதுபத்தி, விபூதிப் பொட்டலம். "இது அலமாரியா, மளிகைக் கடையா?" என்று என் கணவர் வேட்டி எடுக்கும்போதெல்லாம் கேட்பார். அவர் அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கண்டாலும் முதலில் ஆட்சேபம் எழுதுவது அவர் கை. கையெழுத்துப் போடுவதெல்லாம் பிறகுதான்.

அந்தக் கதவில் ஒட்டியிருப்பவற்றில் ஒன்றே ஒன்றுதான் எனக்கு எரிச்சல் மூட்டும், அதனாலேயே அதை நடுவில் ஒட்டியிருக்கிறேன். அது ஒரு அப்பளப் பாக்கெட். அந்த அப்பளத்தை இடுவது எங்கள் பக்கத்து வீட்டு மாமி. கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவர். காலையிலிருந்து அவள் மாவு இடிக்கிற சத்தம் என் அடுக்களையில் கேட்கும். சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் அதை வாங்கிப் பாக்கெட் போட்டு விற்கிறார். பாக்கெட்டில் ஒரு மீசைக்காரரின் படம், நெற்றியில் சந்தனம், பார்வையில் அவ்வளவு கம்பீரம். கடைக்காரரின் அப்பாவாம். அந்த மனிதர் ஆயுளில் ஒரு அப்பளம் இட்டிருக்க மாட்டார், ஒரு அப்பளம் சுட்டிருக்கவும் மாட்டார். மாமியிடம் அதைச் சொன்னால், "சாரமில்லை, போறது" என்பாள், பரவாயில்லை என்கிற அர்த்தத்தில்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் கண்ணுக்கு அமைதியான டிசைன் ஒன்று உண்டென்றால் அது சாவுப் போஸ்டர்தான். யாராவது காலமானால் மறுநாள் விடிவதற்குள் மின்கம்பத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் ஒட்டிவிடுவார்கள். கருப்புக் கட்டம், நடுவில் முகம், கீழே பெயர், எத்தனை மணிக்கு, எங்கே. அவ்வளவுதான். மேகத்தில் தலைவர் இல்லை, மூலையில் தபால்தலை முகம் இல்லை. வெள்ளை இடத்தை அப்படியே விட்டிருப்பார்கள். உயிரோடு இருக்கிற வரைக்கும் ஆளை ஐந்து கலரில் குழப்பிவிட்டு, செத்த பிறகுதான் நிம்மதியாக ஒரு கட்டத்துக்குள் உட்கார வைக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு கடை போட வேண்டும். பெரிய கடை இல்லை. எங்கள் வீட்டு வாசல் அறையில் காலை டிபன், அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் தெருவில் சீமந்தம், பூணூல், அறுபதாம் கல்யாணம் எது நடந்தாலும், "சாம்பார் மட்டும் நீ வந்து கூட்டிடு" என்று கூப்பிடுவார்கள். போய்க் கூட்டுவேன். சாப்பிட்டவர்கள் வெளியே வந்து சமையல்காரரின் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். அவரும் வெட்கமில்லாமல் பாராட்டை வாங்கிக்கொள்வார். மகளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். என் சாம்பார் என் சாம்பாராகவே கொஞ்ச காலம் ஓடட்டும் என்று எனக்கு ஆசை வந்தது, சொல்லப்போனால் வெறி வந்தது.

கணவர் ஆட்சேபம் எழுதினார். நம் தெருவில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து இட்லி விற்றதில்லை என்றார். அந்த அறையை ஒரு கூரியர்காரர் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. கடைசியில் கணவர் ஒரு நிபந்தனை போட்டார். "முதல் நாள் ஓடித்துன்னா ஓடட்டும். ஈ ஓட்டிண்டு உக்காந்தேன்னா அன்னிக்கே ரூமைக் கூரியர்காரனுக்குக் குடுத்துடுவேன், கேட்டியா."

கேட்டேன். ஒரே நாள். அந்த ஒரு நாளைக்கு ஊருக்கே தெரிய வேண்டும். போஸ்டர் வேண்டும்.

போஸ்டர் என்றதும் என் மைத்துனன் வந்து குதித்தான். கணவரின் கடைசித் தம்பி. தலை நரைத்துவிட்டது, ஆனாலும் எனக்கு அவன் சின்னப் பயல்தான். கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் டிசைனர். வட்டக் கண்ணாடி, கருப்புச் சட்டை, சட்டையில் எந்தப் பொத்தானும் வெளியே தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வியாதிக்காரர் வீட்டுக்கு வந்தவர்போலத் தலையை ஆட்டுவான்.

"மன்னி, இந்த ஊர்ல எல்லா போர்டும் கத்தறது. நம்ம போஸ்டர் கத்தப்படாது. மெதுவாப் பேசணும். கண்ணுக்கு மூச்சு விட எடம் வேணும்" என்றான்.

என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துப் படம் எடுத்தான். சிரித்தேன். "சிரிக்காதீங்கோ மன்னி, பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கு" என்றான். வாயை மூடிக்கொண்டேன். நெற்றிப் பொட்டின் சிவப்பு கருப்பாகிவிட்டது, பட்டுப்புடவையின் பச்சை சாம்பலாகிவிட்டது. ஆனால் லேப்டாப்பில் திறந்து காட்டினானே, என் முகம் அவ்வளவு நன்றாக இருந்தது. சுற்றிலும் மெல்லிய கருப்புக் கோடு. கீழே மலையாளத்தில் என் பெயர், நிதானமான எழுத்தில். அதற்குக் கீழே, வியாழக்கிழமை காலை ஏழு மணி, பிறகு எங்கள் வீட்டு விலாசம். மிச்சமெல்லாம் வெள்ளை.

"இட்லின்னு ஒரு வார்த்தை போடேண்டா" என்றேன்.

"போட்டா அது விளம்பரம் ஆயிடும் மன்னி."

"பின்னே இது என்னவாக்கும்?"

"இது ஆர்வம். யாரு இந்த மாமி, வியாழக்கிழமை ஏழு மணிக்கு என்ன நடக்கப்போறதுன்னு ஊரே தவிக்கணும்."

ஊர் தவிக்கத்தான் செய்தது. போஸ்டர் ஒட்டுகிறவரை அவனே அச்சகத்தில் பிடித்துப் பேசிவிட்டான். அவர் என்னைப் பார்த்ததில்லை. புதன்கிழமை விடியற்காலை வாளியில் பசையைக் கலக்கிக்கொண்டு, இந்த மாதிரிப் போஸ்டரை வழக்கமாக எங்கெல்லாம் ஒட்டுவாரோ அங்கெல்லாம் ஒட்டிவிட்டுப் போனார். பஸ் ஸ்டாப், பாலம், பால் பூத், ரேஷன் கடைச் சுவர். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். அன்றைக்கு முழுவதும் நான் வாசல்படி தாண்டவில்லை, கோபத்தில் என் கணவரும் தாண்டவில்லை. நானும் பக்கத்து வீட்டு மாமியும் அரிசி ஊறப்போட்டு, உளுந்து அரைத்து, சாம்பார்ப் பொடி வறுத்துக்கொண்டிருந்தோம். என் கைப்பேசி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. என் அதிர்ஷ்டம், தொந்தரவில்லாமல் வேலை ஓடுகிறது என்று நினைத்தேன்.

கணவரின் ஃபோன்தான் அடித்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஆற்றங்கரைப் பக்கம் வீடு, நல்ல மனிதர், எதற்கும் ஓடி வருவார். என் கணவர் பேசியது மட்டும் அடுக்களையில் எனக்குக் கேட்டது.

"ஆமாம்… என்ன பண்றது. நான் ஆனமட்டும் சொன்னேன். கேக்கலை. அவளா எடுத்த முடிவு." பிறகு அந்தப் பக்கத்துக் கேள்விக்கு, "நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு. ஆத்துலதான். … பொண்ணா? அவளுக்கு லீவு கிடைக்கலை. … நாற்காலியா? இருந்தா நல்லதுதான்."

குரலில் அவ்வளவு துக்கம். என் கடையைப் பற்றி யாரிடம் பேசினாலும் அவர் அந்தக் குரலில்தான் பேசுவார், அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அன்று சாயங்காலமே ஒரு குட்டி லாரியில் சங்கத்து நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. மழை வந்தால் இருக்கட்டும் என்று வாசலுக்கு மேலே தார்ப்பாயும் கட்டிவிட்டுப் போனார்கள். கட்டியவர்கள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் கலங்கிவிட்டது. என் டிபன் கடைக்கு ஊர் இத்தனை செய்கிறதே, இவர்களையா நான் போர்டு ரசனை கெட்டவர்கள் என்று கேலி செய்தேன் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

வியாழக்கிழமை விடியற்காலை கோலம் போட வெளியே வந்தால், தெருமுனையிலிருந்து மின்கம்பத்துக்கு மின்கம்பம் கருப்புக் கொடி. எனக்கு வந்ததே கோபம். தெருவில் யாரோ போய்விட்டார்கள். யாராக இருந்தால் என்ன, இந்த ஒரு நாள்தானா கிடைத்தது? நேற்றுப் போயிருக்கக் கூடாதா, நாளைக்குப் போகக் கூடாதா? என் வாழ்க்கையில் ஒரு நாள் எனக்கென்று வருகிறது, அதையும் பிடுங்கிக்கொண்டு போகிறதே பாழாய்ப்போன பிணம் என்று கோலமாவைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுத் திட்டினேன். யாரையும் அவ்வளவு மனப்பூர்வமாகத் திட்டியதில்லை.

ஏழு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இந்த ஊரில் கல்யாணத்துக்கும் அதே உடைதான், சாவுக்கும் அதே உடைதான், அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வரிசையாக வந்து சத்தமில்லாமல் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். பச்சைப் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சாம்பார்க் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன்.

"வாங்கோ, எல்லாரும் உள்ள வாங்கோ. எல்லாம் சூடா இருக்கு."

எல்லோருக்கும் முன்னால் செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். கையில் பெரிய மலர்வளையம். என் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். அவர் வாய் திறந்தது, மூடவில்லை. பின்னால் ஒரு நாற்காலி கவிழ்கிற சத்தம் கேட்டது. நான் மலர்வளையத்தைப் பார்த்தேன். ஊதா ரிப்பனில் தங்க எழுத்து, கச்சிதமாக நடுவில் வந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம். நல்ல வேலை என்று முதலில் நினைத்துவிட்டேன், என் புத்தி அப்படி. பிறகுதான் அது என் பெயர் என்று படித்தேன்.

புரிய வைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. மைத்துனன் போஸ்டரின் வெள்ளை இடத்தைப் பற்றி ஏதோ விளக்கினான், ஒருவரும் கேட்கவில்லை. என் கணவர், தான் ஃபோனில் சொன்னது கடையைப் பற்றித்தான் என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடை திறப்பதை இழவு மாதிரிச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? என் கைப்பேசி ஏன் அடிக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. செத்தவளுக்கு யார் ஃபோன் செய்வார்கள்?

செயலாளரைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "தலைப்பில ஆதராஞ்சலின்னு ஒரு எழுத்து இருந்துதா? காலமானார்னு எங்கயாவது எழுதியிருந்துதா? எப்படி நினைச்சேள்?"

அவர் மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைமாற்றிக்கொண்டே சொன்னார். "க்ஷமிக்கணும் மாமி. மாமியோட படம் சொவத்துல கண்டா, பின்னே நாங்க வேறெ என்ன நினைக்கும்? தேர்தலும் இல்லையல்லோ."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சுவரையெல்லாம் படித்தவள் நான். நகைக்கடைக் கல்யாணப்பெண்ணையும் சினிமாக்காரியையும் தள்ளிவிட்டால், எங்களைப்போல ஒருத்தியின் முகம் சுவரில் ஏறுவது ஓட்டுக் கேட்க, இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல. அதற்கு நடுவில் இருக்கிற ஆயுசுக்குச் சுவரில் இடமே கிடையாது. கருப்பு வெள்ளை என் மைத்துனன் செய்த கோளாறு. மிச்சத்தை அவன் செய்யவில்லை.

"சரி, வந்ததே வந்தேள். சாப்ட்டுட்டுப் போங்கோ" என்றேன்.

அங்கேதான் அடுத்த இடி விழுந்தது. சாவு வீட்டுக்குப் போனால் குளிக்காமல் பல்லில் தண்ணீர் படக்கூடாது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், பேரன் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலையில்தான் திரும்பியவர், எழுந்து நின்று தோளில் துண்டைப் போட்டார். "குளிச்சுட்டு வந்துடறேன்."

"யாரும் சாகலையே, என்னத்துக்குக் குளிக்கணும்?" என்றேன்.

"நீ சாகலை, அது சரி. நாங்க சாவுக்குன்னுதானே புறப்பட்டு வந்தோம்."

செத்தால் தீட்டு உண்டு, சாகாவிட்டால் தீட்டு இல்லை. சாகாதவளைச் செத்தவள் என்று நினைத்து வந்தால் என்ன என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை போலிருக்கிறது, அங்கேயே நின்று விவாதித்தார்கள். விவாதம் முடிவதற்குள் ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள். தீட்டு பார்க்காதவர்களுக்கோ கூச்சம். மலர்வளையம் கொண்டு வந்த கையால் எப்படி இட்லி வாங்குவது? கடைசியில் அந்த வளையத்தை யாரோ என் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாசல் நிறைய நீல நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. குளிக்கப் போனவர் ஒருவரும் திரும்பவில்லை.

கணவர் வாசல்படியில் நின்று கைப்பேசியை எடுத்தார். "ஆச்சு. முதல் நாள் முடிஞ்சுது" என்றார். கூரியர்காரரின் நம்பரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, எதையாவது எடுத்து எறியலாம் போல வருமே, அந்த அழுகை. இரண்டு நாள் இடுப்பொடிய உழைத்த இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. நான் உயிரோடு நிற்கிறேன், என் அறை போகப்போகிறது. பக்கத்து வீட்டு மாமியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாப்புல எந்நேரமும் ஆள் இருக்கும்" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள்.

ஆட்டோவைக் கூப்பிட்டோம். இட்லி அண்டா, சாம்பார்த் தூக்கு, சட்னி, வாழையிலைத் துண்டுகள். பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோதுதான் என் போஸ்டரை முதல் தடவை நேரில் பார்த்தேன். ஒரு பக்கம் யாரோ ஒரு தாத்தா, மறுபக்கம் யாரோ ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார், நடுவில் நான். சரியான வரிசையில்தான் ஒட்டியிருந்தார். எங்கள் மூவரில் எனக்குத்தான் வெள்ளை இடம் அதிகம், அதையும் பார்த்துக்கொண்டேன். போஸ்டருக்குப் பக்கத்திலேயே பச்சைப் பட்டுப்புடவையோடு, சிவப்புப் பொட்டோடு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு பெண் பார்த்தாள். அலுவலகம் போகிறவள், தோளில் பை. போஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போஸ்டரைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, இது மாமியல்லே?"

"நான்தான். சாகலை. இட்லி இருக்கு" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பஸ் ஸ்டாப்பே திரும்பியது. அப்புறம் எனக்கு நிமிரவே நேரமில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு நின்று தின்றவர்கள் உண்டு. சிலர் என்னையும் போஸ்டரையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் சாம்பாரை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, இது நிஜமாகவே போயிருந்தால் பெரிய நஷ்டமாகியிருக்கும் என்று மலையாளத்தில் சொன்னார். ஆயுளில் என் சாம்பாரைப் பற்றி என்னிடமே ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அண்டாவின் அடி தெரியும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்தார். தலையில் ஒரு நீல நாற்காலி. அதை இறக்கிப் போஸ்டரின் அடியில் போட்டார். "நின்னுண்டே இருந்தா முட்டி பிடிச்சுக்கும். உக்காரு" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, "சட்னி ஆத்துல இன்னொரு தூக்கு இருக்கு. எடுத்துண்டு வரவா?" என்று கேட்டார். கூரியர்காரரைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சில்லை.

மைத்துனன் தன் கம்பெனியில் இதெல்லாம் திட்டம் போட்டுச் செய்ததுதான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம். சொல்லிக்கொள்ளட்டும். அடுத்த போஸ்டரை நானே போய் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர்காரர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன். கிளிப்பச்சையில் பின்னணி. என் தலைக்குப் பின்னால் மஞ்சள் கதிர்கள். வாயெல்லாம் பல்லாக நான். கீழே ஆவி பறக்கிற சாம்பார். ஓரத்தில் கையும் காலும் முளைத்த ஒரு இட்லி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரிக்கிறது. எதையெல்லாம் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தேனோ, ஒன்று விடாமல் வைத்தேன். கண்ணுக்கு மூச்சு விட ஒரு விரல் இடம் கிடையாது. மூச்சை நான் விட்டுக்கொள்கிறேன், கண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து பக்கத்து வீட்டு மாமியிடம் காட்டினேன். இப்போதெல்லாம் என் கடையில் சாயங்காலம் அவள் அப்பளமும் விற்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் படமும் இதுல போடலாமா?" என்றாள். "மூலையில. தபால்தலை மாதிரி சின்னதா."

"மூலையும் கிடையாது, தபால்தலையும் கிடையாது. போட்டா எனக்குச் சமமாத்தான். ஒரு படம் எடுத்துண்டு வாங்கோ."

"எங்கிட்ட தனியா எடுத்த படம் ஒண்ணுகூட இல்லையே. இந்த வயசுல தனியாப் படம் எடுத்துண்டா, எதுக்குன்னு ஆத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அன்றைக்கே என் கைப்பேசியில் எடுத்தேன். சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது பஸ் ஸ்டாப் சுவரில், தாத்தாவும் வாத்தியாரும் மழையில் கரைந்துபோன இடத்தில், நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். அவள் கையில் ஒரு அப்பளம், முகத்தை விடப் பெரியது. ஃப்ளெக்ஸ் கட்டிய மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றவர்கள் பசியோடு வந்தவர்கள். இந்த முறை சங்கத்திலிருந்து நாற்காலி வரவில்லை.